சாய்வாக வெட்டிய நுனி

மைனஸ் இருபத்தாறு. கதவு திறந்ததும்
முதலில் உள்ளே வந்தது குளிரின் வெண்புகை.
பிறகு தௌனோ பீராயினென்,
தாடியில் பனி, கையில் சங்கிலி ரம்பம்.

"ஓட மாட்டேங்குது."
கூஹ்மோவில் இதற்குமேல் யாரும் விளக்குவதில்லை.
காபி ஊற்றினேன். அரைக் கோப்பை இறங்கியபின்
அவனாகவே சொன்னான்:
"கடைசி நாள் நல்லாத்தான் பாடிச்சு, அய்லி.
அப்படி அது பாடினதே இல்ல."

எனக்கு அடிவயிறு சில்லிட்டது.
ரம்பம் அப்படிப் பாடக் கூடாது.
பெட்ரோல் எட்டாமல்
வெறும் காற்றைக் குடிக்கிற எஞ்சின்தான்
சாவதற்குச் சற்று முன்
குரலை உச்சத்துக்கு ஏற்றும்.

வியாழக்கிழமை வா என்று அனுப்பிவிட்டு
சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தேன்.
பிஸ்டனின் விலாவில் நெடுகக் கீறல்கள்,
பூனை பிறாண்டிய கதவு மாதிரி.

தொட்டிக்குள் கொக்கிக் கம்பியை விட்டு
எரிபொருள் குழாயை இழுத்தேன்.
கறுப்பு. உலர்ந்து விறைத்த கறுப்பு.
கார்புரேட்டருக்குத் திரும்பும் வளைவில்
நகக்கண் அளவு வெடிப்பு.
மறுமுனை, துளைக்குள் நுழைவதற்காகச்
சாய்வாக வெட்டிய நுனி.
வெட்டின் நடுவே சின்னதாய் ஒரு படி.

என் கத்தியில் ஒரு பல் உடைந்திருக்கிறது.
அந்தப் படியை வேறு எந்தக் கத்தியும் வெட்டாது.

அக்டோபர். மான் வேட்டைக் காலம்.
வாசலில் ஏழு ரம்பங்கள் வரிசையில்.
மஞ்சள் குழாய்ச் சுருள் தீர்ந்திருந்தது.
பெயரில்லாத பெட்டியில் இது கிடந்தது,
மீட்டர் ஒரு யூரோ நாற்பது.
உள்விட்டம் சரி. வெளிவிட்டம் ஒரு நூல் அதிகம்.
எல்லாம் குழாய்தானே என்று
எச்சில் தொட்டுத் திணித்தேன்.
திணித்தது நினைவிருக்கிறது.
அதுதான் கஷ்டம்.

இப்போது மேசையில் மூன்று.
கம்பெனி அச்சில் வார்த்தது:
வளைவுகளை முன்பே மனப்பாடம் செய்தது,
பதினேழு யூரோ, கயானியிலிருந்து வர மூன்று நாள்.
மஞ்சள் கண்ணாடிக் குழாய்:
உள்ளே குமிழி ஓடுவது தெரியும்,
பொய் சொல்லத் தெரியாத குழாய்,
ஆனால் நம் குளிரில் அதன் குணம் எப்படி?
அப்புறம் அந்தக் கறுப்பு.

மூன்றிலும் விரல் நீளம் நறுக்கி
ஊறுகாய் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி
வெளியே பனியில் புதைத்தேன்,
ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி.
மூன்றாம் காலை ஒவ்வொன்றாக மடக்கினேன்.
வார்த்தது முனகியபடி மடங்கியது.
மஞ்சள் யோசித்தது, பிறகு மடங்கியது.
கறுப்பு
முறுக்கு மாதிரி
இரண்டாக வந்துவிட்டது கையில்.

அந்தப் பெட்டியில் மிச்சம் ஆறு மீட்டர்.
எங்கெங்கே போயிருக்கிறது மற்றதெல்லாம்?
பில் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு
அக்டோபரைப் பெயர் பெயராகப் படித்தேன்.
நான்கு பேர். போன் செய்தேன்.
மூன்று பேர் திட்டினார்கள்.
ஒருத்தி எடுக்கவேயில்லை, இன்னும்.

வியாழன். தௌனோ வந்தான்.
புது பிஸ்டன், புது சிலிண்டர், வார்த்த குழாய்.
"பணம் வேண்டாம். குழாய் நான் போட்டது.
தப்பான குழாய்."
அவன் என்னைப் பார்க்காமல்
ரம்பத்தைப் பார்த்தான், வெகுநேரம்.

முற்றத்தில் இழுத்தான். மூன்றாவது இழுப்பில் பிடித்தது.
தடித்த குரல், கொஞ்சம் தடுமாறி,
வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.
ஆரோக்கியம் என்றால் இதுதான்.

அவன் முகம் வாடியது.
"அப்போ," என்றான், எஞ்சினை அணைத்துவிட்டு,
"அந்தப் பாட்டு?"

இனி வராது என்றேன்.
வந்தால் உடனே நிறுத்திவிட்டு
என்னைக் கூப்பிடு.